கசிவும் காரணமும்

நுழையும்முன்

கைத்தொழிலும் ஒரு கல்வியே. பழைய சரக்குந்து ஒன்றின் எண்ணெய்க் கசிவைச் சரிசெய்யும் பணியின்வழி, ஒரு குறையை ஆராய்ந்து நீக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பழைய சரக்குந்து மேட்டில் ஏறும்போது, சில வேளைகளில் எண்ணெய் கருகும் வாடை ஓட்டுநர் இருக்கைவரை வீசும். முன்மூடியைத் திறந்தால் இயந்திரத்தின் பக்கவாட்டில் கரிய பிசுக்கு வழிந்திருக்கும். கசியும் எண்ணெய் சூடான புகைபோக்கிக் குழாயின்மீது சொட்டினால் புகை எழும், தீப்பற்றவும் கூடும். ஆகவே, சிறு கசிவுதானே என்று புறக்கணித்தல் தகாது.

இயந்திரத்தின் உச்சியில், காற்றும் எரிபொருளும் உள்ளே நுழையவும் புகை வெளியேறவும் திறந்து மூடும் வால்வுகள் உள்ளன. அவற்றை இயக்கும் உறுப்புகளின்மீது எண்ணெய் இடையறாது பாய்கிறது. அது வெளியே சிதறாமல் காப்பது வால்வு மூடி. மூடிக்கும் இயந்திரத் தலைக்கும் இடையே அமைந்த தக்கை அல்லது ரப்பர்ப் பட்டையே காஸ்கெட். பட்டறைகளில் இதனை ‘டேப்பட் கவர் பேக்கிங்’ என்பர். பல்லாண்டு வெப்பத்தால் இது நெகிழ்வை இழந்து விறைத்து வெடிக்கும்; அவ்வழியே எண்ணெய் கசியும்.

இயந்திரம் நன்கு ஆறிய பிறகே பணியைத் தொடங்க வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைக்காமல் கழற்றினால் மண் உள்ளே விழும். பழைய காஸ்கெட்டின் எச்சங்களை, உலோகத்தில் கீறல் விழாதவாறு சுரண்டி எடுக்க வேண்டும். 1980களின் டொயோட்டா ஹைலக்ஸ் சரக்குந்துகளில் இடம்பெற்ற 22ஆர் என்னும் 2.4 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தில், தலைப்பகுதியின் இரு முனைகளிலும் அரைநிலா வடிவ ரப்பர் அடைப்புகள் உண்டு. நீண்ட பட்டையை மட்டும் மாற்றி இவற்றை மறந்தால் கசிவு தொடரும்.

மூடியைப் பொருத்தும்போது மரைகளை ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, சமமாக, தயாரிப்பாளர் கையேடு குறிப்பிடும் அளவுக்கே இறுக்க வேண்டும். மிகுதியாக இறுக்கினால் கசிவு நிற்கும் என்று எண்ணுவது பிழை. காஸ்கெட் பிதுங்கும், மூடியும் வளையும். இங்குத் தேவை வலிமையன்று, அளவறிதலே.

புதிய காஸ்கெட்டும் விரைவில் கசிந்தால் என் செய்வது? உருளைகளிலிருந்து நழுவும் வாயு இயந்திரத்தின் அடிப்பகுதியில் சேர்கிறது. அதனை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகும். அவ்வழுத்தம் எண்ணெயை வெளியே தள்ளும். எனவே, காஸ்கெட்டை மாற்றும்போதே இவ்வால்வையும் சோதித்தல் வேண்டும்.

நிறைவாக, எண்ணெயின் அளவைச் சரிபார்த்து இயந்திரத்தை இயக்கி, அது சூடேறிய பின் மூடியின் விளிம்பு முழுவதையும் விளக்கொளியில் நோக்க வேண்டும். கசிவை அடைப்பவர் வேலையை முடிக்கிறார்; காரணத்தையும் களைபவரோ அவ்வேலை மீண்டும் வாராமல் காக்கிறார்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப் பட்டறையில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்குக.