திசையறி ஓட்டமும் ஒரு சாலைப் பயணமும்

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டுமே துணையாகக் கொண்டு, முன்பின் அறியாத காட்டில் குறித்த இடங்களைத் தேடிச் சென்று திரும்பும் விளையாட்டு ஓரியண்டீரிங் எனப்படும். இதனைத் தமிழில் திசையறி ஓட்டம் எனலாம். பொதுமக்கள் பங்கேற்ற முதல் போட்டி 1897 ஆம் ஆண்டு நார்வே நாட்டில் நடைபெற்றது. அண்டை நாடான சுவீடனில் இது குடும்பத்தினர் அனைவரும் ஆடும் விளையாட்டாக வளர்ந்தது. அங்கு ஓ-ரிங்கன் என்னும் ஐந்து நாள் போட்டி 1965 ஆம் ஆண்டு தொடங்கியது. கோடை விடுமுறையில், ஆண்டுக்கு ஓர் ஊராக அது நடைபெறும். சிறுவர் முதல் முதியோர் வரை பல்லாயிரவர் அதில் கலந்துகொள்வர். குடும்பங்கள் பல, கேரவன் என்னும் இழுவை வண்டியைக் காரின் பின்னே இணைத்துக்கொண்டு நெடுந்தொலைவு பயணம் செய்யும்.

2023 ஆம் ஆண்டு இப்போட்டி ஓரே என்னும் மலையூரில் நடைபெற்றது. அதற்காக ஸ்டாக்ஹோம் நகரிலிருந்து ஒரு குடும்பம் புறப்பட்டது. தொலைவு 600 கிலோமீட்டருக்கும் அதிகம். கேரவனை இழுத்துச் செல்லும் கார் அந்நாட்டில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் விரையக் கூடாது. ஆகவே, பயணத்திற்கு முழுப் பகலும் தேவைப்பட்டது. தந்தை காரை ஓட்டினார். தாயும் தம்பியும் பின்னிருக்கையில் இருந்தனர். 12 வயது மகள் முன்னிருக்கையில் அமர்ந்து, சாலை வரைபடத்தை மடியில் விரித்திருந்தாள். “இன்று நீயே வழிகாட்டி. கைப்பேசியைப் பார்க்கப் போவதில்லை” என்று தந்தை கூறியிருந்தார்.

கடற்கரையை ஒட்டி வடக்கே செல்லும் சாலையில் சுண்ட்ஸ்வால் நகரம் வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும். நகரை நெருங்கியபோது சாலைகள் பலவாகப் பிரிந்தன. திரும்ப வேண்டிய இடம் இதுதானா என்று மகளுக்கு ஐயம் எழுந்தது. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என அஞ்சி, அவள் வாய் திறக்கவில்லை. கார் நேரே சென்றது. சிறிது நேரத்தில் அவள் ஒன்றைக் கவனித்தாள். மேற்கே சென்றால் மாலை வெயில் எதிரே இருந்து முகத்தில் விழ வேண்டும். அதுவோ தந்தையின் இடக்கன்னத்தில் விழுந்தது. கார் இன்னும் வடக்கு நோக்கியே சென்றுகொண்டிருந்தது!

“அப்பா, திருப்பத்தைத் தவறவிட்டுவிட்டோம். எனக்கு அப்போதே ஐயமாக இருந்தது” என்றாள், கண் கலங்க. தந்தை சினம் கொள்ளவில்லை. பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தினார். “வழி தவறுவது குற்றமன்று. ஐயத்தை மறைத்துக்கொண்டு மேலே செல்வதே துன்பம் தரும். உறுதியாக அறிந்த இடத்திற்குத் திரும்பிச் செல்வோம்” என்றார். அரைமணி நேரம் வீணாயிற்று. ஆயினும், இரவுக்குள் அவர்கள் முகாமை அடைந்தனர்.

மறுநாள் போட்டி. காட்டில் ஆங்காங்கே வெண்மையும் செம்மஞ்சளும் கலந்த துணிக்கொடிகள் தொங்கின. ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் உண்டு. உரிய கொடிகளை வரிசைப்படி அடைந்து, விரலில் மாட்டிய மின்னணுச் சில்லில் பதிவு செய்ய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஓட்டம் கணக்கில் சேராது.

இரண்டு கொடிகளை மகள் எளிதில் கண்டாள். மூன்றாவதை நோக்கிச் செல்கையில், சிறுவர் சிலர் இடப்புறம் விரைந்து ஓடுவதைக் கண்டாள். அவர்களுக்கு வழி தெரியும் என நம்பிப் பின்தொடர்ந்தாள். அங்கே கொடி இருந்தது. ஆனால், அதன் எண் 58. அவள் தேடியதோ 52. அவர்கள் வேறொரு பிரிவின் போட்டியாளர்கள்! சுற்றிலும் ஒரே வகையான மரங்கள். ஈரச் சதுப்பு நிலம். தான் நிற்கும் இடம் வரைபடத்தில் எது என்று அவளுக்குப் புலப்படவில்லை. கால்கள் ஓடத் துடித்தன. மனமோ நெடுஞ்சாலையை நினைத்தது.

அவள் நின்றாள். இறுதியாக உறுதியாக அறிந்த இடம் எது? ஒற்றையடிப் பாதை ஓடையைக் கடக்கும் இடம். வந்த வழியே அங்குத் திரும்பினாள். திசைகாட்டியின் செம்முள் காட்டிய வடக்கிற்கு ஏற்ப வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தாள். பழுப்புக் கோடுகள் மேட்டையும், நீலக் கோடுகள் நீரையும் காட்டின. பெரும்பாறை ஒன்றன் பின்னே 52 ஆம் எண் கொடி காத்திருந்தது. அன்று அவள் பரிசு பெறவில்லை. ஆயினும், எல்லாக் கொடிகளையும் கண்டு முடித்தாள்.

ஐந்து நாள்களும் கழிந்தன. திரும்பும் வழியில் வரைபடம் மீண்டும் அவள் மடியில் இருந்தது. ஒரு சந்திப்பை நெருங்கும்போது, “அப்பா, எனக்கு ஐயமாக இருக்கிறது. வேகத்தைக் குறையுங்கள்” என்றாள். தந்தை புன்னகையுடன் வேகத்தைக் குறைத்தார்.

சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
சினம் – கோபம்
செம்முள் – சிவப்பு நிற முள்
சதுப்பு நிலம் – நீர் ஊறிய சேற்று நிலம்

மொழிப்பயிற்சி
திசைப்பெயர்கள் சேரும்போது சொல்லின் வடிவம் மாறும்.
வடக்கு + கிழக்கு = வடகிழக்கு
தெற்கு + மேற்கு = தென்மேற்கு
இவ்வாறே சேர்த்து எழுதுக:
1. வடக்கு + மேற்கு = ________
2. தெற்கு + கிழக்கு = ________

வினாக்கள்
1. கார் மேற்கே திரும்பவில்லை என்பதை மகள் எவ்வாறு அறிந்தாள்?
2. சிறுவர்களைப் பின்தொடர்ந்தது ஏன் தவறாயிற்று?
3. சாலையில் கற்றது காட்டில் எவ்வாறு உதவியது?

செயல்பாடு
உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியை வரைபடமாக வரைக. திசைகளையும் வழியிலுள்ள இடங்களையும் தமிழில் குறிக்க. அதனை நண்பரிடம் கொடுத்து, வழியைச் சொல்லச் செய்க.