இலையில்லாக் காட்டில் என்ன பார்க்கலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பிப்ரவரியில் போகிறோம். அந்தக் குளிரில் கன்ட்ரி பார்க்கில் பார்க்க ஏதாவது இருக்குமா?

பதில்: நிறையவே உண்டு. மரங்கள் மொட்டையாக நிற்பதுதான் காட்டுத்தரைச் செடிகளுக்கு வாய்ப்பு. ஓக் இலைவிட்டு நிழல் கவிவதற்குள் அவை வெயிலைப் பிடித்துப் பூத்துவிட வேண்டும்.

முந்திக்கொள்வது ஸ்னோடிராப். கடினமான இலை நுனிகளால் உறைந்த மண்ணையும் துளைத்து எழுந்து, தலைகவிழ்ந்து வெள்ளையாகப் பூக்கும். விதையில் ஒட்டியிருக்கும் சத்தான சதைக்காக எறும்புகள் அதை இழுத்துப்போய்ப் பரப்புகின்றன. அல்சைமர் நோயாளிகளுக்குத் தரப்படும் காலன்டமைன் இந்தச் செடியிலும் இருக்கிறது. ஆனால் இதன் கிழங்கு நஞ்சு. பேரக்குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடவும் தவறவிடக் கூடாதது ஹேசல் மரம். மஞ்சள் குஞ்சங்களாகத் தொங்குபவை ஆண் பூக்கள். பெண் பூவோ மொட்டின் நுனியில் சில சிவப்பு இழைகள்தான். கிட்டே போய்த் தேட வேண்டும். மகரந்தத்தைச் சுமப்பது காற்று. இலைகள் இல்லாததால் அதற்குத் தடையில்லை.

செலண்டைன் என்ற இன்னொரு காட்டுத்தரைச் செடியின் மஞ்சள் பூக்கள் மந்தாரத்தில் மூடிக்கொள்ளும். வெயிலடிக்கும் நண்பகலில் போங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம்.