ரெயின்கோட்ஸ் என்னும் மாதர் இசைக்குழு

இசை பயிற்சியினால் முதிர்வது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், பயிற்சி முற்றிய பின்னரே ஒருவர் அரங்கேறத் தக்கவரோ, அன்றிச் சொல்லவேண்டிய பொருள் உள்ளத்தில் நிரம்பியபோதே தொடங்கலாமோ என்பது ஆராயத்தக்க வினாவாகும். இதற்கு விடை பகரும் வரலாறொன்று இலண்டன் மாநகரில் 1977-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

போர்த்துக்கல் நாட்டிற்குரிய மதீராத் தீவினின்று வந்த ஆனா ட சில்வா என்பாரும், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தவரான ஜீனா பர்ச் என்பாரும் ஹார்ன்ஸி கலைக் கல்லூரி மாணவியர். அக்காலத்து 'ராக்' இசையில் மாதர் பாடகியராக வரவேற்கப்பட்டனரேயன்றி, கிட்டாரும் டிரம்மும் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியனவென்று கருதப்பட்டன. 'ஸ்லிட்ஸ்' என்னும் மாதர் குழுவின் கச்சேரியைக் கண்ட பர்ச், தாமும் இசைக்கலாமென்னும் துணிவுகொண்டு பேஸ் கிட்டாரொன்றை வாங்கிக் கற்கத் தலைப்பட்டார். இருவரும் கூடி அமைத்த குழுவே 'ரெயின்கோட்ஸ்', அஃதாவது மழைச்சட்டைகள், எனப் பெயர் பெற்றது.

தொடக்கத்தில் ஆடவரும் அதிலிருந்தனர். 'ஸ்லிட்ஸ்' குழுவில் டிரம் வாசித்த ஸ்பெயின் தேசத்துப் பாமாலிவ் என்பாரும், முறையாக மேனாட்டுச் சாஸ்திரீய இசை பயின்ற வயலின் கலைஞர் விக்கி ஆஸ்பினாலும் சேர்ந்தபின் அது முற்றும் மாதர் குழுவாயிற்று. கற்றுத் தேர்ந்தவரும் அப்பொழுதுதான் கற்பவரும் ஏற்றத்தாழ்வின்றி ஒருங்கிசைத்தமையே அதன் சிறப்பு.

நிற்க. 'இண்டி' என வழங்குவது, பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளைச் சாராது தனித்தியங்கும் இசையாம். ஜெஃப் டிராவிஸ் என்பார் 1976-இல் இலண்டனில் திறந்த 'ரஃப் டிரேட்' என்னும் கடை, 1978 முதல் தானே இசைத்தட்டுக்களை வெளியிடலாயிற்று. ஊதியத்தைக் கலைஞரும் நிலையமும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது அதன் வழக்கம். ரெயின்கோட்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1979-இல் அங்கிருந்தே வெளிவந்தது. போர்வீரன் ஒருவன் பெண்ணொருத்திக்கு இழைத்த கொடுமையைப் பற்றிய பாட்டு அதிலுண்டு. 'கிங்க்ஸ்' என்னும் ஆடவர் குழுவின் புகழ்பெற்ற 'லோலா' பாட்டையும் அவர்கள் பாடினர். ஆடவன் கூற்றாக அமைந்த அது மாதர் குரலில் புதுப்பொருள் பெற்றது.

பாமாலிவ் விலகிய பின்னர், டிரம் வாசிப்பார் இல்லாமலே பாட்டுக்கள் பல இயற்றப்பட்டன. தாளம் பிறகே சேர்க்கப்பட்டது. ஆதலின் 1981-இல் வெளிவந்த 'ஆடிஷேப்' என்னும் ஆல்பத்தில், குரலும் வயலினும் தாளத்தின் பின்னே ஓடாது, தம் போக்கில் நின்றும் நடந்தும் செல்லக் காண்கிறோம். குறையென்று தோன்றியதே புதுமைக்கு வாயிலாயிற்று. பெண்ணின் உருவத்திற்கு உலகம் விதிக்கும் அளவுகோலும், அதனால் அவளடையும் மனத்துயரும் தலைப்புப் பாட்டின் பொருளாம். 1984-இல் 'மூவிங்' என்னும் மூன்றாம் ஆல்பத்தோடு குழு கலைந்தது, தட்டுக்களும் கிடைத்தற்கரியவாயின.

எட்டாண்டுகள் கழிந்தன. 1992-இல் அமெரிக்க 'நிர்வாணா' குழுவின் தலைவர் கர்ட் கோபேன், முதல் ஆல்பத்தைத் தேடி இலண்டன் கடைக்குச் சென்று, அங்குள்ளார் வழிகாட்ட, பழம்பொருட் கடையொன்றில் பணிபுரிந்த ஆனாவை நேரிற் கண்டார். அவ்வாண்டே தம் குழுவின் ஆல்பமொன்றின் குறிப்பில் இச்செய்தியை எழுதினார். பின்னர் மூன்று ஆல்பங்களும் மீண்டும் வெளிவந்தன. 1994 ஏப்ரலில் கோபேன் மறைந்தார். குழுவோ அவ்வாண்டே மீண்டும் கூடி, 1996-இல் புதிய ஆல்பமொன்றை அளித்தது.

இதனால் பயிற்சி வேண்டா என்று கொள்ளலாமோ எனின், ஆகாது. பர்ச் தம் கருவியைக் கைவிடாது வாசித்து, 2023-இல் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அவர்கள் பயிற்சியை வெறுத்தவரல்லர். கற்பதைப் பிறர் காணுமாறு கற்க நாணாதவர். நன்முயற்சியும் பெரியார் ஒருவர் நாவசைத்தாலன்றி மறக்கப்படும் என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி. ஆனால், கோபேன் தேடிச் செல்லுதற்கு ஒரு தட்டு இருந்தமைக்குக் காரணம், அம்மாணவியர் கைதேறும்வரை காத்திராமல் தொடங்கியதேயாம். பேசவும் எழுதவும் அஞ்சி, 'இன்னும் சில நாள்' என்று ஒத்திவைக்கும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.