வெண்சீருடையும் விடாப்பிடிக் கறையும்

பவானியாற்றுப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளை நாம் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் தம் மகனுடைய வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து மேசைமீது விரித்தார். அதன் மார்புப் பக்கத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன.

"சங்கத்துத் துணின்னு நம்பி எடுத்தோமுங்க. ஒரு வருசம் தாங்கலீங்க. இருக்கிறதே ரெண்டு சட்டை. பையன் ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறானுங்க" என்றார்.

செயலாளர், நூல் கொடுத்த ஆலையின்மீது குறை கூறலானார். நாம் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மற்ற இடங்களில் நூல் திடமாகவே இருந்தது. ஓட்டைகளைச் சுற்றி மட்டும் தொட்ட மாத்திரத்தில் இற்று வந்தது. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. பள்ளிவிட்டு வந்த சிறுவன் சட்டையை மாற்றாமலே தோட்டத்தில் வாழைத்தார் சுமக்க உதவியிருக்கிறான். சோப்புக்குப் போகாத கறையின்மீது தாயார் பிளீச்சிங் பவுடரைத் தூளாகவே தூவி, நீர் தெளித்து, இரவு முழுவதும் வைத்துவிட்டார். ஆகவே குற்றம் நூலினுடையதன்று, நெய்தவருடையதுமன்று. அன்று அவ்வம்மையாருக்குக் கூறியவற்றையே ஈண்டுச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம்.

பொது விதிகள் மூன்று

முதலாவது: கறை காயுமுன் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கறைகள் ஈரமாக உள்ளபோது எளிதில் நீங்கும். காய்ந்தபின் இழையைப் பற்றிக்கொள்ளும். சேறு ஒன்றே இதற்கு விலக்கு. அதனை நன்றாகக் காயவிட்டு, உதிர்த்து, பிறகே நனைக்க வேண்டும்.

இரண்டாவது: கறை இன்னதென்று அறியாமல் சோப்பையும் வெந்நீரையும் எடுக்கலாகாது. சோப்பு காரத்தன்மை உடையது. காரம் எல்லாக் கறைக்கும் மருந்தன்று.

மூன்றாவது: எப்பொருளாயினும், முதலில் சட்டையின் உள்மடிப்பில் ஒரு துளி இட்டுப் பார்த்தபின்னரே கறையில் இட வேண்டும்.

வாழைக்கறை

வாழைப்பாலில் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. பால் முதலில் நிறமற்றுத் தோன்றினும், காற்றுப் பட்டவுடன் பழுப்பாகிறது. காரம் சேர்ந்தால் இம்மாறுதல் விரைவுபடும். ஆகையால் புதிய வாழைக்கறையின்மீது சோப்புப் போடுவது கறையை நாமே ஊன்றிவிடுவதற்கு ஒப்பாகும். உடனே தண்ணீரில் அலசி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து தேய்த்து, மீண்டும் அலசுக. சோப்பு அதற்குப் பின்னரே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தால் கருநிறம் பிறக்கும் என்பதைச் சாயமிடும் அன்பர்கள் அறிவர். கடுக்காயில் உள்ளது துவர்ப்பு. அன்னபேதியில் உள்ளது இரும்பு. துருப்பிடித்த வாளியில் வாழைக்கறை அல்லது தேநீர்க்கறை படிந்த துணியை ஊறவைத்தாலும் இதுவே நிகழ்கிறது. பழுப்பு கருப்பாகிவிடுகிறது. பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர்ப் பாத்திரமே தக்கது.

நாட்பட்ட வாழைக்கறைக்குப் பின்னர்க் கூறப்படும் வெளுப்புநீர்தான் வழி. அதனாலும் கறை முழுவதும் போய்விடும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். இளமஞ்சளாக மங்குமாயின் அதுவே போதுமெனக் கொள்க. அதற்கு மேலும் விடாது வெளுத்தால் கறையோடு துணியும் போய்விடும்.

ஏனைய கறைகள்

இரத்தக்கறை: குளிர்ந்த நீரே வேண்டும். முட்டையின் வெண்கரு சூட்டில் இறுகுவதுபோல் இரத்தமும் வெந்நீரில் இறுகி இழையில் பதிந்துவிடும். உப்புக் கரைத்த குளிர்நீரில் ஊறவைத்து, அலசி, பிறகு சோப்பிடுக.

மஞ்சள்கறை: சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறுவது கண்டு தாய்மார்கள் அஞ்சுகின்றனர். இது மஞ்சளின் இயல்பு. நன்கு அலசினால் சிவப்பு அடங்கும். மஞ்சள் சாயம் வெயிலுக்கு நில்லாது. துவைத்து ஈரத்தோடு வெயிலில் விரித்தால், இரண்டொரு நாளில் வெளிறிவிடும்.

பேனாக்கறை: பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்ப்பசை உடையது, நீருக்கு அசையாது. கறைக்கு அடியில் பழந்துணியை மடித்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மேலிருந்து ஒற்றுக. தேய்த்தால் மை பரவும். அடித்துணியை இடம் மாற்றிக்கொண்டே இருத்தல் அவசியம்.

சைக்கிள் சங்கிலி மசகு: சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்து மசகை இளகச் செய்து, துணியால் ஒற்றியெடுத்து, பிறகு சோப்பும் சலவைச்சோடாவும் கலந்த வெந்நீரில் துவைக்கவும்.

துருக்கறை, செம்மண்கறை: இரண்டிலும் உள்ளது இரும்பு. இவற்றுக்கு வெளுப்புத்தூள் சிறிதும் பயன்படாது. துருவின்மீது எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்து அலசுக. தேவையாயின் மறுமுறையும் செய்க. செம்மண்ணை முற்கூறியவாறு காயவைத்து உதிர்த்துவிட்டுச் சோப்பிட்டுத் துவைக்கவும்.

வெளுப்புத்தூளின் பிரயோகம்

பிளீச்சிங் பவுடர் புதிய பொருளன்று. ஸ்காத்லாந்து தேசத்துச் சார்லஸ் டெனன்ட் என்பார் 1799ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அங்கே துணியை வாரக்கணக்கில் புல்வெளியில் விரித்தே வெளுத்தனர். அத்தனை நாள் வேலையைச் சில நிமிடங்களில் செய்யும் பொருளுக்கு எத்துணை வீரியம் இருக்குமென்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது கறையை மட்டும் தேடித் தாக்குவதில்லை; பருத்தி இழையையும் அரிக்கும்.

இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டித் தூளைக் கரைத்து, அசையாமல் வைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்க. துவைத்து அலசிய துணியை அதில் பத்து நிமிடத்திற்கு மேற்படாமல் நனைத்து, உடனே மூன்று முறை அலசுக. வெயில் நேரே படாத இடத்தில் செய்க. அடியில் தங்கும் கப்பி துணியில் படலாகாது. ஓட்டை விழுவது அதனாலேயே. பட்டு, கம்பளி ஆகியவற்றுக்கும் சாயத் துணிகளுக்கும் இது ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை உயிரைப் பற்றியது. வெளுப்புநீரோடு எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிப்பறை கழுவும் அமிலம் ஆகிய எதனையும் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஒன்றை உபயோகித்தபின் துணியை முற்றிலும் அலசிவிட்டே மற்றதைத் தொட வேண்டும். தூளைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மூடிவைக்க வேண்டும்.

நீலம் போடுதல்

நீலம் கறையைப் போக்குவதில்லை. பழைய வெள்ளைத்துணியில் தோன்றும் மஞ்சட்சாயலை மறைத்து வெண்மையாகக் காட்டுகிறது, அவ்வளவே. ஆதலின் கறை நீங்கிய பின்னரே நீலம் போடுக. நீரில் நன்றாகக் கலக்கி, துணியை விரித்தபடி ஒரேயடியாக அமிழ்த்தினால் திட்டு விழாது.

முடிவுரை

மேற்சொன்ன சிறுவனின் மற்றொரு சட்டையிலும் வாழைக்கறை இருந்தது. தாயார் இம்முறைப்படி வெளுத்துப் பார்த்தார். கறை முற்றும் போகவில்லை. வைக்கோல் நிறத்தில் மெல்லிய சாயல் நின்றது. ஆயினும் சிறுவன் அதனை அணிந்து மறுநாளே பள்ளிக்குச் சென்றான் எனச் செயலாளர் பின்னர்த் தெரிவித்தார். ஓட்டை விழுந்த சட்டைக்கு மாற்றாகச் சங்கக் கடையில் துணி எடுத்து, தவணையில் பணம் செலுத்தினர்.

நெசவாளர் வீட்டுத் துணியில் உழவர் தோட்டத்துக் கறை படுவது நம் ஊர்களில் இயற்கை. அதனைப் போக்கும் முறையை இருவரும் அறிந்திருப்பின், சங்கத்தின் நற்பெயரும் நிலைக்கும். பிள்ளைகளின் படிப்பும் தடைப்படாது. பள்ளிவிட்டு வந்ததும் சட்டையை மாற்றும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டால், இப்பாடத்தில் பாதி தேவையற்றதாகிவிடும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. புதிய வாழைக்கறையின்மீது சோப்பிடலாகாது, ஏன்?
2. துருக்கறைக்கு வெளுப்புத்தூள் பயன்படாததன் காரணம் யாது?
3. வெளுப்புநீரோடு எவற்றைக் கலக்கலாகாது? கலந்தால் விளைவது யாது?
4. துணி இற்றுவிட்டதென்று ஓர் அங்கத்தினர் முறையிட்டால், குறை நூலிலா, துவைத்த முறையிலா என்று எவ்வாறு கண்டறிவீர்கள்?