முதியோர் மருத்துவக் காப்பீடு: கணக்கைப் பார்ப்பது யார்?

உங்க வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் இது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. இதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். கட்டணமில்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை. அது நம்ம வரிப்பணம்.

பணம் எங்கே நழுவுகிறது?

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் அவர் இருக்கிறார். அதற்கு மாதாமாதம் ஓய்வூதியத்தில் பிடித்தம் உண்டு. முதலமைச்சர் திட்டப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தால் என்ன ஆகும்?

காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு குடும்பக் கணக்கில் பிரீமியம் கட்டுகிறது. அவர் ஒரு நாள்கூட மருத்துவமனைக்குப் போகாவிட்டாலும் அந்தப் பணம் போய்விடும். இதனால் யாருக்கும் உடனே வலிக்காது, யாரும் புகார் கொடுக்கவும் மாட்டார்கள். அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த வெளியாள் யார்?

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அதாவது சி.ஏ.ஜி. அரசியலமைப்பின் 148ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் இவரை நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையில்தான் இவரையும் நீக்க முடியும். திட்டத்தை நடத்தும் எந்தத் துறைக்கும் இவர் கட்டுப்பட்டவர் இல்லை.

தணிக்கையில் தெரிந்தவை

பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் சில:

• தமிழ்நாட்டில் 1,07,040 ஓய்வூதியர்கள் பயனாளிகள் பட்டியலில் இருந்தனர். இவர்களுக்காகப் போன பிரீமியம் சுமார் 22.44 கோடி ரூபாய். தலைக்கு ஏறத்தாழ 2,100 ரூபாய்.
• தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள்.
• நாடு முழுவதும் 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே கைபேசி எண். பத்து இலக்கமும் ஒன்பது!

ஓய்வூதியர் பட்டியலையும் பயனாளிகள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்தான் முதல் விஷயம் வெளியே வந்தது. இரண்டும் அரசிடம் ஏற்கெனவே இருந்த பட்டியல்கள்தான்.

ஒன்றை மறக்க வேண்டாம். பட்டியலைச் சரிசெய்வது தகுதியுள்ள முதியவரை வெளியே தள்ளுவதற்காக அல்ல. வீணாகும் தொகை மிச்சமானால்தான் டயாலிசிஸுக்கோ இதய அறுவைச் சிகிச்சைக்கோ காத்திருப்பவருக்கு அது போய்ச் சேரும்.

இப்போது இது ஏன் முக்கியம்? 70 வயது கடந்த அனைவருக்கும், வருமானம் பாராமல் காப்பீடு என்ற விரிவாக்கத்தை 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கியது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம் போன்ற வேறு அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்க செய்ய வேண்டியது

1. அட்டையில் உள்ள பெயர், வயது, ஆதார் விவரம் சரியா என்று பாருங்கள். பதிவில் உங்கள் அல்லது பிள்ளைகளின் கைபேசி எண் இருக்கட்டும், கடைக்காரர் எண் வேண்டாம்.
2. வீட்டில் இறந்தவர் பெயர் பதிவில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். திருச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் கேட்கலாம்.
3. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது சிகிச்சை விவரத்தைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். செய்யாத பரிசோதனை, தங்காத நாள் எழுதியிருந்தால் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.
4. திட்டத்தில் அடங்கும் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யுங்கள். மத்திய அரசின் உதவி எண் 14555.

சி.ஏ.ஜி. தணிக்கை எப்போதோ ஒருமுறைதான் வரும். மருத்துவமனைப் படுக்கைக்குப் பக்கத்தில் தினமும் இருப்பவர் நீங்கள்தான். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் அட்டையை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.