தாழ்சுருதிப் பித்தளை வாத்தியங்கள்: ஒலிப் பண்பு வேறுபடுவது ஏன்?

மாணவர்களே, துரொம்போனும் யூபோனியமும் ஒரே சுரத்தை ஒரே உரப்பில் ஒலித்தாலும் காது அவற்றைப் பிரித்தறிந்துவிடும். காரணம் கேட்டால், “ஒன்று பெரியது, மற்றது சிறியது” எனப் பலர் எழுதுவதுண்டு. இவ்விடை பிழையானது. இரண்டினதும் குழாய் நீளம் ஏறத்தாழச் சமமாகும், சுமார் 2.7 மீற்றர். எனவே காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

1. குழாயின் நீளம்
வாசிப்பவரின் உதடுகள் அதிர்வதால் குழாயினுள் உள்ள வளிநிரல் அதிர்கிறது. குழாய் நீளும்போது சுருதி தாழும். மேற்கூறிய இரு வாத்தியங்களினதும் அடிப்படை மீடிறன் சுமார் 58 ஹேர்ட்ஸ். ஏறத்தாழ இருமடங்கு நீளமுள்ள பெரிய ரியூபாவில் இது சுமார் 29 ஹேர்ட்ஸ் ஆகும். ஆகவே நீளம் தீர்மானிப்பது சுருதியையே.

2. குழாயின் வடிவம்
துரொம்போனில் ஒரு குழாய் மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்லவேண்டும். அதற்கு அப்பகுதி ஒரே விட்டமுள்ள உருளையாக இருத்தல் அவசியம். யூபோனியத்தில் வழுக்குக் குழாய் இல்லை, வால்வுகளே உண்டு. ஆதலால் அதன் குழாயின் பெரும்பகுதி கூம்புபோல் படிப்படியாக விரிகிறது. ரியூபாவும் இவ்வகையே. பலமாக ஊதும்போது உருளைக் குழாயில் உயர் மேற்றொனிகள் வலுப்பெற்று, ஒலி கூர்மையாகவும் பளிச்சென்றும் கேட்கும். விரியும் குழாயில் இவ்விளைவு குறைவு. ஒலி மென்மையாகவும் திரட்சியாகவும் இருக்கும்.

3. ஊதுவாய்
பாண்ட் வாத்தியக்காரர் மவுத்பீஸ் என அழைக்கும் பகுதி இது. இதன் கிண்ணத்தின் உள்விட்டம் துரொம்போனில் சுமார் 25 மில்லிமீற்றர், ரியூபாவில் சுமார் 32 மில்லிமீற்றர். அகன்ற கிண்ணத்தில் உதட்டின் கூடிய பகுதி அதிர்வதால் தாழ்ந்த சுரங்களை எழுப்புவது இலகு. கிண்ணம் ஆழமற்றதாயின் ஒலி பிரகாசமாகும்; ஆழமாயின் தடித்து இருண்டு ஒலிக்கும்.

கவனிக்குக: பெரிய உள்விட்டமுள்ள துரொம்போனின் ஊதுவாய் பல யூபோனியங்களுக்கும் பொருந்தும். எனினும் அதனைப் பொருத்தியதால் யூபோனியம் துரொம்போனாக ஒலிப்பதில்லை. ஊதுவாய் ஒலிப் பண்பைச் சற்று மாற்றும். அடிப்படைக் குணத்தைத் தருவது குழாயின் வடிவமே.

மாதிரி வினா
ஒரே நீளமுள்ள இரு பித்தளை வாத்தியங்கள் வேறுபட்ட ஒலிப் பண்பைக் கொண்டிருப்பதற்கு இரு காரணங்கள் தருக.

விடை
(அ) குழாய் உருளையா, கூம்பா என்பதற்கேற்ப மேற்றொனிகளின் வலிமை வேறுபடும்.
(ஆ) ஊதுவாய்க் கிண்ணத்தின் ஆழமும் விட்டமும் வேறுபடும்.

“வடிவம் வேறு” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவ்வடிவம் மேற்றொனிகளை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.