காணியை விற்குமுன் பொருத்தம் பாருங்கள்

கேள்வி: டொக்டர், எங்கள் மகனுக்கு ஆறு வயது. தலசீமியா. மாதந்தோறும் குருணாகலுக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுகிறோம். ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் முழுதாகச் சுகமாகிவிடும், சென்னையில் ஏற்பாடு செய்து தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் சொல்கிறார். மிளகுக் காணியை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மகனுக்குப் பத்து வயதில் ஓர் அக்கா இருக்கிறாள். என்ன செய்வது?

– ஒரு தாய், உக்குவளை, மாத்தளை

பதில்: சகோதரி, காணியை இப்போது விற்க வேண்டாம். அந்த நபருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சிகிச்சை உண்மையானதுதான். ஆனால் அதில் முதல் வேலை பணம் திரட்டுவதல்ல, பொருத்தம் பார்ப்பது.

தலசீமியாவுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை என்பது எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைதான். பிள்ளையின் பழுதான மச்சையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிட்டு, பொருத்தமானவரின் ஸ்டெம் செல்களை இரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுவார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்தே உலகில் நடக்கிறது. இந்தியாவின் வேலூர் சி.எம்.சி. வைத்தியசாலையில் 1986 முதல் மச்சை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள்.

உடன்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு. எச்.எல்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும். மகளுக்கு நோய் இல்லாமல் தலசீமியாக் கூறு மட்டும் இருந்தாலும் அவள் தானம் செய்யலாம், பயப்படாதீர்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: மகனுக்கு ஏற்றுவதற்காக வீட்டார் யாரும் இரத்தம் கொடுக்கக் கூடாது. பிறகு மாற்றும் மச்சையை அவன் உடல் ஏற்காமல் போகும் ஆபத்து அதனால் கூடும்.

பொருத்தம் அமைந்து, ஈரல் கெடாத சிறு பிள்ளையாகவும் இருந்தால், பத்தில் ஒன்பது பேர் வரை தேறுகிறார்கள். சிலர் சிகிச்சையிலேயே உயிரிழப்பதும் உண்டு. பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். இவற்றையும் கேட்டறிந்த பிறகே முடிவெடுங்கள்.

செலவு? உடன்பிறந்தவர் பொருந்தினால் இந்தியாவில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து இலட்சம் இந்திய ரூபாய். நம் காசில் முப்பத்தைந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சத்துக்கு மேலும் போகலாம். மாதக்கணக்கில் அங்கே தங்கும் செலவு வேறு. பொருத்தம் அமையாவிட்டால் செலவும் ஆபத்தும் இன்னும் ஏறும். மரபணுவைத் திருத்தும் புதிய சிகிச்சைக்கு அமெரிக்காவில் 22 இலட்சம் டொலர் விலை. அது இன்று நமக்கு எட்டாதது.

ஆகவே குருணாகல் தேசிய தலசீமியா நிலைய வைத்தியரிடமே முதலில் பேசுங்கள். இலங்கையிலேயே மச்சை மாற்றுச் சிகிச்சை செய்கிறார்கள். மகன் அதற்கு ஏற்றவனா, எங்கே செய்யலாம் என்பதை அவர் சொல்வார். தகுதியானவன் என்றால் ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கேளுங்கள். 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முழுச் செலவையும் நிதியம் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் உதவி எவ்வளவு என்று தெரிந்த பிறகு காணியைப் பற்றி யோசிக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, இரத்தம் தொடர்பான நோய்களுக்கு மச்சை மாற்றுவதைத் தவிர மற்ற ஸ்டெம் செல் முறைகளைச் சோதனை நிலையில் உள்ளவை என்றே சொல்கிறது. சோதனைக்கு உட்படும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பொருத்தமே பார்க்காமல், ஓர் ஊசியில் குணமாக்குகிறேன் என்று முன்பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

அதுவரை இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அரச வைத்தியசாலையில் அது இலவசம். நாளைய சிகிச்சைக்கு மகனின் ஈரலைக் காப்பதும் அதுதான். மகளுக்கும், கல்யாண வயதிலுள்ள உறவினர்களுக்கும் தலசீமியாப் பரிசோதனை செய்யுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களுக்கு இது மிக அவசியம். கூறு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.